செம்மறி ஆட்டுக்கு துவர்ப்பு தீவனம்: எவ்ளோ போடணும், எப்ப நிறுத்தணும்

வறுத்த புளியங்கொட்டைய சின்ன வயசுல கடிச்சவங்களுக்கு தெரியும், அந்த செவப்பு தோலோட சேத்து மென்னுட்டா நாக்கு அப்படியே இழுத்துக்கும், வாயெல்லாம் எச்சி வத்திப்போயி சொரசொரன்னு ஆயிடும். அந்த துவர்ப்புதான் டானின். எச்சில்ல இருக்கற புரதத்த அது புடிச்சு கட்டிப்போட்டுடுது, அதனாலதான் நாக்குல வழுவழுப்பு போயிடுது. எங்க பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரிங்கள்ல குரோமியம் வர்றதுக்கு முன்னாடி ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு தோல ஊற வச்சதும் இதுக்காகத்தான், தோல்ல இருக்கற புரதத்த கட்டிட்டா அது அழுகாது. இதே சரக்க ஆட்டுக்கு அளவா குடுத்தா அது விடற மீத்தேன் கொறையும். அளவு தப்பினா ஆடு மெலிஞ்சு போவும். அதனால இதுல நான் அதிகமா பேசப்போறது அளவு பத்திதான்.

மொதல்ல மீத்தேன் எங்கிருந்து வருதுன்னு பாத்துடலாம். ஆடு தின்ன புல்லும் தழையும் மொதல் வயித்துல ஊறிக்கினு கெடக்கும்போது கோடிக்கணக்கான நுண்ணுயிருங்க அத்த ஒடைக்குதுங்க, அப்ப ஹைட்ரஜன் வருது, அந்த ஹைட்ரஜன கார்பன் டை ஆக்சைடோட சேத்து மீத்தேனா மாத்தி பொழைக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் அங்க குடியிருக்குது, அதுங்களுக்கு ஆர்க்கியான்னு பேரு, பாக்க பாக்டீரியா மாதிரி இருந்தாலும் வேற வம்சம். அந்த மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாவும் மூச்சாவும் வாய் மூக்கு வழியாத்தான் வெளிய வருது, பின்னாடி போறது ரொம்ப கொஞ்சம். ராத்திரி பட்டி காவலுக்கு படுத்தவங்க அந்த ஏப்ப சத்தத்த கேட்டுக்கினேதான் தூங்கியிருப்பீங்க.

இதுல நமக்கு நஷ்டம் எங்கன்னா, ஆடு தின்ன தீவனத்துல இருக்கற சக்தில 2லருந்து 12 சதவீதம் வரைக்கும் மீத்தேனா காத்துல போயிடுது. ஐநா காலநிலை குழு நம்மள மாதிரி நாடுங்களுக்கு போட்டு வச்சிருக்கற கணக்கு ஒரு செம்மறிக்கு வருஷத்துக்கு 5 கிலோ மீத்தேன். 50 ஆடு வச்சிருந்தா 250 கிலோ. அத்த எரிச்சா வர்ற சூடு நம்ம வீட்டு 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் பதினெட்டு பத்தொம்போது எரிக்கறதுக்கு சமம், நானே பேப்பர்ல போட்டு பாத்தேன். நாம காசு குடுத்து வாங்குன புண்ணாக்குலயும் நடந்து நடந்து மேச்ச புல்லுலயும் இருந்த சக்திதான் அது. பூமிக்கு பாத்தா, 100 வருஷ கணக்குல மீத்தேன் கார்பன் டை ஆக்சைட விட 27 மடங்கு பக்கமா சூடேத்துது. 2019 கால்நடை கணக்கெடுப்புல இந்தியா பூரா 7 கோடியே 42 லட்சம் செம்மறி, ஆந்திராவுல மட்டும் 1 கோடியே 76 லட்சம், தமிழ்நாட்டுல 45 லட்சம். பார்டருக்கு ரெண்டு பக்கமும் இவ்ளோ ஆடு இருக்கும்போது ஒரு ஆட்டுக்கு ஒரு கிலோ கொறஞ்சாலும் சின்ன விஷயம் கெடையாது.

டானின்ல ரெண்டு ஜாதி இருக்குது, இத புரிஞ்சுக்காம யாரும் ஆரம்பிக்காதீங்க. ஒண்ணு கண்டென்ஸ்டு டானின், புளியங்கொட்ட தோலு, சூபாபுல்னு வேலியில வளக்கற தீவன மரத்தோட தழை, வன்னி தழை, வாட்டில் மரத்து பட்டைலல்லாம் இருக்கறது. இது வயித்துல அவ்ளோ சீக்கிரம் ஒடையாது, ரத்தத்துல பெருசா சேராது. இன்னொண்ணு ஹைட்ரோலைசபிள் டானின், கடுக்காய்ல நெறைய இருக்கறது, மாங்கொட்டப் பருப்புலயும் உண்டு. இது வயித்துல ஒடைஞ்சு சின்ன சின்ன பொருளா ரத்தத்துல கலந்துடும், ஜாஸ்தியானா ஈரலையும் கிட்னியையும் அடிச்சிடும். ஆஸ்திரேலியாவுல கடுக்கா மரத்தோட சொந்தக்கார மரம் ஒண்ணு தின்னு மாடும் ஆடும் செத்திருக்குது. அதனால நம்ம வேலைக்கு கண்டென்ஸ்டு ஜாதிய மட்டும் எடுத்துக்கலாம். கடுக்காய மீத்தேனுக்குன்னு ஆட்டுக்கு அரைச்சு போடற வேலை வேணாம்.

கண்டென்ஸ்டு டானின் உள்ள போயி என்ன பண்ணுதுன்னா, நார ஒடைக்கறத கொஞ்சம் மெதுவாக்கி ஹைட்ரஜன் வர்றத கொறைக்குது, மீத்தேன் கூட்டத்தையும் நேரா கொஞ்சம் அடக்குது. அதோட இன்னொரு நல்லதும் இருக்குது, புண்ணாக்குல இருக்கற புரதத்த மொதல் வயித்துல நுண்ணுயிருங்க கையில சிக்காம கட்டி வச்சிக்கினு, நாலாவது வயித்துல புளிப்பு ஏறுனதும் அவுத்து விட்டுடுது, அங்கருந்து சிறுகுடல் போயி அது நேரா ஆட்டுக்கே சேருது. மூத்திரத்துல வீணாப்போற நைட்ரஜன் கொறையும், பட்டில கண்ண எரிக்கற அந்த அம்மோனியா நாத்தமும் கொறையும். பச்சை பயறு தழை தின்னு வயிறு உப்பற ஆட்டுக்கு நொரை கட்டாமயும் பாத்துக்கும்.

எவ்ளோ கொறையுது? 2005ல வெளியான ஒரு ஆராய்ச்சில, தீவனத்தோட ஒவ்வொரு கிலோ காஞ்ச எடைக்கும் 41 கிராம் வாட்டில் பட்ட சாறு, அதாவது சுத்த டானினா 25 கிராம், செம்மறிக்கு குடுத்தப்ப மீத்தேன் சராசரியா 13 சதவீதம் கொறைஞ்சுது. வாட்டில்னா நீலகிரி, கொடைக்கானல்ல வெள்ளக்காரன் நட்டு வச்ச அதே மரம்தான். பெங்களூர்ல இருக்கற தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டானின் இருக்கற செடிங்கள வச்சு ஹரித் தாரான்னு ஒரு தீவன சேர்ப்பு பண்ணியிருக்காங்க, அதுக்கு 17லருந்து 20 சதவீதம்னு சொல்லியிருக்காங்க. ஆக நம்ம கையால பண்றதுல 10, 15 சதவீதம்னு மனசுல வச்சிக்கினு எறங்குங்க. பாதியா கொறைக்கறேன்னு யாராவது பொடி விக்க வந்தா வாங்காதீங்க.

இப்ப அளவு. மொத்த தீவனத்தோட காஞ்ச எடைல டானின் 2லருந்து 3 சதவீதம் இருந்தா வேலை செய்யும். 5 சதவீதத்த தாண்டுனா ஆடு தீவனம் எடுக்கறதே கொறைஞ்சுடும், செரிமானமும் படுத்துடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடம் ரொம்ப சின்னது, அதனால கண்ணால பாத்து அள்ளிப் போடற வழக்கத்த இங்க விட்டுடணும், தராசு வேணும், மளிகைக்கட சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். 25 கிலோ ஆடு ஒண்ணு ஒரு நாளைக்கு காஞ்ச எடையா 800 கிராம் மாதிரி தின்னும். அதுல 2 சதவீதம்னா 16 கிராம் டானின். இத எப்படி சேக்கறதுன்னா, சூபாபுல் பச்சத்தழை அரை கிலோ போட்டா அதுல தண்ணி போக காஞ்ச எடை 150 கிராம், அதுல 5 சதவீதம்னு வச்சா ஏழரை கிராம் டானின் வரும். புளியங்கொட்ட தோலு 50 கிராம் போட்டா அதுல சுமார் 7 கிராம் வரும். ரெண்டும் சேந்து 15 கிராம் பக்கம், அளவுக்கு கிட்ட வந்தாச்சு, தாண்டல. ஆடு 35 கிலோ இருந்தா அந்த கணக்குல ஏத்திக்கலாம், 15 கிலோ குட்டின்னா எறக்கிக்கணும். மேய்ச்சல்ல கருவேல காயி, வன்னி தழைன்னு அதுவா தின்னுக்கினு வர்ற பருவத்துல தோல பாதியா கொறைச்சுடுங்க, ஏன்னா காட்டுல தின்னதும் கணக்குல வரும்.

தழைல டானின் மண்ணுக்கு மண்ணு, மாசத்துக்கு மாசம் மாறும், வெயில் காஞ்ச மரத்துல ஜாஸ்தி இருக்கும். நெறைய ஆடு வச்சிருக்கறவங்க ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடறது நல்லது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில தீவனம் டெஸ்ட் பண்ற லேப் இருக்குது, டானின் பாப்பீங்களான்னு போன்ல கேட்டுக்கினு, நெழல்ல காய வச்ச தழையும் தோலும் தனித்தனி கவர்ல அனுப்புங்க.

புளியங்கொட்ட தோலு எங்க கெடைக்கும்னா, கொட்டைய வறுத்து பருப்ப எடுத்து மாவாக்கற மில்லுல அது கழிவு. வாங்கும்போது ரெண்டு விஷயம் பாக்கணும். கருகி கரியா போயிருக்கக்கூடாது, செவப்பா இருக்கணும், ஒரு துண்ட வாயில போட்டா நாக்கு இழுக்கணும், இழுக்கலன்னா அதுல வேலை செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டாவது, மண்ணும் ஈரமும். மில்லுக்கு பின்னாடி மழைல கெடந்த குவியல்லருந்து அள்ளிக் குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க, பூஞ்சை புடிச்சது ஆட்டுக்கு விஷம். வாங்கியாந்ததும் சல்லடைல சலிச்சு, ஒரு வெயில் காட்டி, குருணை மாதிரி ஒண்ணும் பாதியுமா அரைச்சு, மூட்டைல கட்டி தரைல படாம கட்டை மேல வச்சிடணும். ரொம்ப நைஸா அரைச்சா ஆடு மூக்குல பறந்து தும்மிக்கினு ஒதுங்கிடும்.

மாங்கொட்டைய பத்தி நெறைய பேர் கேக்கறாங்க, சித்தூர் பக்கம் கூழ் ஃபேக்டரிங்கள்ல ஜூன், ஜூலைல மலை மாதிரி குவியும், சும்மாவே எடுத்துக்கினு போன்னு சொல்லுவாங்க. நான் போடறதில்ல. அது அந்த இன்னொரு ஜாதி டானின், அதுவுமில்லாம ஈரத்தோட வர்ற கொட்ட மூணு நாள்ல பூஞ்சை கட்டிடும்.

அடர்தீவனம் இப்படி கலந்துக்குங்க, 10 கிலோவுக்கு: மக்காச்சோளம் ஒடைச்சது மூணரை கிலோ, கடலப் புண்ணாக்கு 3 கிலோ, தவிடு 3 கிலோ 200, தாது உப்பு 200 கிராம், கல்லுப்பு 100 கிராம். இதுல ஒரு ஆட்டுக்கு 200 கிராம் எடுத்து, அதோட புளியங்கொட்ட தோல் தூள அன்னன்னைக்கு எடை போட்டு பெசஞ்சு குடுக்கணும். மொத்தமா கலந்து வச்சா பலமான கிடா ரெண்டு பங்கு தின்னுட்டு போயிடும், சின்னது பட்டினி கெடக்கும், அதனால தொட்டிய நீளமா வச்சு எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல எடம் இருக்கற மாதிரி பாத்துக்குங்க. துவர்ப்புக்கு மொகம் திருப்புற ஆடு இருக்கும், மொதல் வாரம் கொஞ்சம் வெல்லத் தண்ணி தெளிச்சா எறங்கிடும்.

ஒரே நாள்ல 50 கிராம் போடக்கூடாது. மொதல் 4 நாள் 10 கிராம், அடுத்த 4 நாள் 20, அப்புறம் 30, அப்புறம் 40, பதினேழாவது நாள்தான் 50. வயித்துல இருக்கற நுண்ணுயிருங்க பழகறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆவும். தழையையும் இதே மாதிரி ஒரு கைப்பிடிலருந்து ஏத்துங்க. வெள்ளாடு இத விட ஜாஸ்தி தாங்கும், அதுக்கு எச்சில்லயே டானின கட்டற புரதம் கூடுதலா இருக்குது, காலங்காலமா முள்ளு தழைய தின்னு வளந்த வம்சம். வெள்ளாடும் செம்மறியும் ஒரே பட்டில வச்சிருக்கறவங்க வெள்ளாட்ட பாத்துட்டு செம்மறிக்கும் அதே அளவு போட்டுடாதீங்க.

இதுல பெரிய கண்டிஷன் ஒண்ணு இருக்குது, அடிக்கோடு போட்டு வச்சிக்குங்க. வெறும் நெல்லு வைக்கோல் தின்னுக்கினு இருக்கற ஆட்டுக்கு டானின் போடவே கூடாது. வைக்கோல்ல புரதமே 3, 4 சதவீதம்தான், அதையும் டானின் போயி கட்டிட்டா நுண்ணுயிருங்களுக்கு சாப்பாடு இல்லாம வயிறு வேலை செய்யறத நிறுத்திடும். அடித்தீவனம் கடலக்கொடியா இருந்தா சரி, நம்ம பார்டர் பக்கம் கடலக்கொடிக்கு பஞ்சமில்ல, வேர்ல ஒட்டுன மண்ண மட்டும் ஒதறிட்டு போடுங்க. கோ 4 மாதிரி பச்சைப்புல்லு இருந்தாலும் சரி. எதுவும் இல்லாத கோடைல மொதல்ல புண்ணாக்குக்கு வழி பண்ணுங்க, மீத்தேன அப்புறம் பாத்துக்கலாம்.

இத நான் அடிபட்டு கத்துக்கிட்டேன். 2016ல வடகிழக்கு மழ ஏமாத்திடுச்சு, 2017 கோடைல எங்கயும் பச்சையே இல்ல. வைக்கோல் மட்டும் போட்டுக்கினு இருந்தோம், கருவேல காயி மூட்ட மூட்டையா பொறுக்கியாந்து புண்ணாக்குக்கு பதிலா இதுதான்னு நெனச்சு இஷ்டத்துக்கு கொட்டினேன். மொதல் வாரம் நல்லா தின்னுச்சுங்க. அப்புறம் புழுக்கை கருப்பா கல்லு மாதிரி வர ஆரம்பிச்சுது, மூணு ஆடு அசை போடறத நிறுத்திடுச்சு, ஒரு பொட்டைக்குட்டி எழுந்திரிக்கவே இல்ல. அந்த குட்டிய கே.வி.குப்பம் சந்தைல நானே பொறுக்கி வாங்கியாந்தது, நெல்லூர் ஜோடிப்பின்னு செம்மறி ஜாதி, கண்ண சுத்தி கருப்பு மை வச்ச மாதிரி இருக்கும். எங்க பெரிப்பா வந்து பாத்துட்டு, "டேய் நைனா, கழிச்சல் எடுத்தா நாலு நாளைக்கு குடுக்கற காயிடா இது, இத்த போயி சோறா போட்டுக்கினு இருக்கியே"ன்னாரு. அவருக்கு டானின்னு பேரு தெரியாது, ஆனா மழைக்காலத்துல பட்டி மூலைல ரெண்டே ரெண்டு கருவேலங்கொம்பு கட்டி தொங்க விடுவாரு, தேவைப்பட்ட ஆடு கடிச்சிட்டு போவும். இப்ப நான் தராசுல பண்றத அவரு கொம்பு எண்ணி பண்ணாரு.

அதனால தெனமும் காலைல பட்டிய கூட்டும்போது புழுக்கைய பாருங்க. உருண்டையா, கொஞ்சம் ஈரமா, கால்ல மிதிச்சா நசுங்கணும். கல்லு மாதிரி காஞ்சு கருத்து இருந்தா தோல அன்னைக்கே பாதியா கொறைங்க. தொட்டில தீவனம் மிச்சம் வச்சா, படுத்துக்கினே அசை போடாம இருந்தா, முழுசா நிறுத்திடுங்க, தண்ணிய தாராளமா காட்டி புண்ணாக்க கொஞ்சம் ஏத்துங்க, ரெண்டு நாள்ல திரும்பலன்னா டாக்டர கூப்புடுங்க. மூத்திரம் காப்பி கலர்ல வந்தா ஒரு நாள் கூட காத்துக்கினு இருக்காதீங்க, அது ஈரலோ கிட்னியோ அடிபட்ட அறிகுறி, டாக்டர்கிட்ட என்ன தழை எவ்ளோ போட்டோம்னு ஒளிக்காம சொல்லுங்க.

மூணு மாசத்துக்கு கீழ இருக்கற குட்டிக்கு இது வேணவே வேணாம், அதுக்கு மொதல் வயிறே இன்னும் முழுசா வேலைக்கு வரல. செனையா இருக்கற ஆட்டுக்கு கடைசி ஒரு மாசமும், ஈன்னதுக்கு அப்புறம் ஒரு மாசமும் நான் தோல நிறுத்திட்டு வெறும் தழையோட விட்டுடுவேன். வெள்வேல் தளிர் பக்கம் விடாதீங்க, இளஞ்சோளத் தளிர் மாதிரியே அதுலயும் சயனைடு விஷம் இருக்குது, டானின்னு நெனச்சு ஒடிச்சு போட்டா ஆடு நிமிஷத்துல சுருண்டுடும். சூபாபுல்லயும் மைமோசின்னு ஒண்ணு இருக்குது, மொத்த தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல தொடர்ந்து போட்டா முடி கொட்டும், நம்ம அரை கிலோ கணக்குல அந்த பயம் இல்ல.

குடல்புழுவுக்கும் இது நல்லதுன்னு சொல்லுவாங்க, உண்மைதான், ரத்தம் குடிக்கற அந்த செவப்பு வெள்ள முறுக்கு புழு போடற முட்டைய டானின் கொறைக்குது. ஆனா புழு மருந்த நிறுத்தற அளவுக்கு இத நம்பக்கூடாது. கண் இமைய கீழ இழுத்து பாருங்க, உள்பக்கம் வெளுத்து இருந்தாலோ, தாடைக்கு கீழ தண்ணி கோத்து தொங்கினாலோ மருந்து குடுத்தே ஆவணும்.

சரி, மீத்தேன் கொறைஞ்சுதான்னு வீட்ல எப்படி பாக்கறது? பாக்க முடியாது, அதுக்கு ஆட்ட ஒரு மூடுன கூண்டுல வச்சு காத்த அளக்கற மெஷின் வேணும், அது ஆராய்ச்சி நிலையத்துல மட்டும்தான் இருக்குது. நாம பாக்க வேண்டியது எடை. 15 நாளுக்கு ஒரு தடவை காலைல வெறும் வயித்துல குட்டிங்கள தூக்கி எடை போட்டு நோட்டுல எழுதுங்க. டானின் போட்ட கூட்டம் போடாத கூட்டத்துக்கு சமமாவோ மேலயோ எடை ஏறினா நம்ம அளவு சரி. எடை கொறைஞ்சா அங்க மீத்தேன் கொறைஞ்சதுக்கு காரணமே ஆடு சரியா செரிக்காததுதான், அந்த குட்டிய விக்கற எடைக்கு கொண்டு வர இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் வளக்கணும், அந்த ரெண்டு மாசமும் அது ஏப்பம் விட்டுக்கினேதான் இருக்கும். ஒரு கிலோ கறிக்கு எவ்ளோ மீத்தேன்னு பாக்கணுமே தவிர ஒரு நாளைக்கு எவ்ளோன்னு மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். எல்லாம் சரியா நடந்து 15 சதவீதம் கொறைஞ்சா 50 ஆட்டுக்கு வருஷத்துக்கு 37 கிலோ மீத்தேன் மிச்சம், கார்பன் டை ஆக்சைடு கணக்குல ஒரு டன். இத காட்டி கார்பன் காசு வாங்கித்தரேன்னு யாராவது முன்பணம் கேட்டா குடுக்காதீங்க, 50 ஆட்டுக்கு ஒரு டன்னு எவ்ளோ சின்ன கணக்குன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

தழைக்கு எங்க போறதுன்னா, காட்டுல ஒடிக்க போவாதீங்க. நம்ம பக்கம் கௌண்டின்யா சரணாலயத்து காடு ஒட்டிக்கினு இருக்குது, ஃபாரஸ்ட்காரங்க அபராதம் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம், ஒரு கட்டு தழைக்கு உயிர பணயம் வைக்க வேணாம். சொந்த வேலியிலயே சூபாபுல் போட்டுடலாம். வெத நேரா போட்டா மொளைக்காது, தோலு கெட்டி. தண்ணிய கொதிக்க வச்சு எறக்கி கொஞ்சம் ஆறுனதும், 80 டிகிரி மாதிரி, அதுல 5 நிமிஷம் போட்டு எடுத்து, பச்சத்தண்ணில ராத்திரி பூரா ஊற வச்சு, ஆடிப்பட்டத்துல மழ விழுந்ததும் வேலி ஓரமா வரிசையா ஊனுங்க. மொத ஆறு மாசம் ஆடு வாய் வைக்காம முள்ளு கட்டி காப்பாத்தணும். அதுக்கப்புறம் மூணு அடி ஒசரத்துல வெட்டி விட்டா ஒன்றரை மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ தழைஞ்சு வரும். காயி முத்தறதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க, வெத கொட்டினா பக்கத்து நெலம் பூரா மொளைச்சு அக்கம்பக்கத்துக்காரங்களோட சண்டையாயிடும்.